காட்டுக்குப் போனவர்களின் வரலாறு எந்த அலமாரியில் இருக்கிறது?

சென்னையிலிருந்து முதன்முறையாக எங்கள் ஊருக்கு வந்த கல்லூரி நண்பன், திண்ணையில் உட்கார்ந்திருந்த அமுச்சியிடம் "தாத்தா இல்லையா பாட்டி?" என்று கேட்டான். "காட்டுக்குப் போயிருக்கிறார் சாமி, பொழுது விழ வந்துவிடுவார்" என்றார் அமுச்சி. அவன் முகம் மாறிவிட்டது. இந்த வயதில் தனியாகவா, யானை ஏதும் இருக்காதா என்று என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டான். அப்புச்சி போயிருந்தது கூப்பிடு தொலைவில், கம்பு விதைத்திருந்த மூன்று ஏக்கர் நிலத்துக்கு.

கொங்குத் தமிழில் மழையை நம்பிய புன்செய் நிலத்துக்குப் பெயர் காடு. கிணறு வெட்டி இறைத்தால் அது தோட்டமாகிவிடும். வாய்க்கால் பாய்ந்தால் வயல். மேட்டுக்காடு, சோளக்காடு, ஆடுமாடு மேய வேலி போட்டு வைத்த கொறங்காடு என்று காட்டுக்குள்ளேயே வகைகள் உண்டு. மரமும் விலங்கும் அடர்ந்த இடத்தை மலை என்றோ வனம் என்றோ சொல்லிக் கடந்துவிடுவார்கள். என்றைக்கோ வெட்டித் திருத்திய காட்டின் பெயர் நிலத்தின்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. மரம் போன பிறகும் சொல் போகவில்லை.

சூழல் வரலாறு பற்றிய நூல்களைச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் இந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கும். அந்த நூல்களில் காடு வருகிறது, நிறையவே வருகிறது. எங்கள் காடு வருவதில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவில் 'சுற்றுச்சூழல்' என்று எழுதி ஒட்டிய அடுக்குகளிலும் புலி, யானை, பறவை, அதற்குப் பக்கத்தில் இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வார். கிணற்றையும் மேட்டுக்காட்டையும் பற்றிப் படிக்க வேண்டுமானால் வேறு அடுக்குகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. சாதி பற்றிய ஆய்வு, பொருளாதார வரலாறு, நாட்டார் கதைப்பாடல், நாவல் என்று அவை நான்கு திசையில் கிடக்கின்றன. ஏன் இப்படி ஆயிற்று, அவற்றை எங்கிருந்து எடுத்துக் கோப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வழக்கமான வரலாற்றில் அரசர்களும் தளபதிகளும் நடிகர்கள். மழையும் மண்ணும் பின்திரை. சூழல் வரலாறு பின்திரையை முன்னால் இழுத்துப் போடுகிறது. புல், கால்நடை, நோய்க்கிருமி, வறட்சி எல்லாம் அங்கே பாத்திரங்கள். இதன் முன்னோடி நூலாக எல்லோரும் காட்டுவது ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1864-ல் எழுதிய 'மேன் அண்ட் நேச்சர்'. தூதராக மத்தியதரைக் கடல் நாடுகளில் இருந்தவர் அவர். அங்குள்ள மொட்டை மலைகள் இயற்கையாக அப்படி ஆனவை அல்ல, மனிதர் வெட்டியும் மேய்த்தும் ஆக்கியவை என்று சொன்னார். பிறகு 1962-ல் ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்பிரிங்'. டி.டி.டி. பற்றிய நூல் என்றே அது நினைக்கப்படுகிறது. அதில் எண்டிரினும் வருகிறது. பருத்தி விளைந்த எங்கள் பக்கத்தில் எண்டிரின் என்ற பெயர் பூச்சிமருந்தாக மட்டும் நினைவில் தங்கவில்லை. எத்தனையோ வீட்டு இழவுகளோடும் ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அமெரிக்கா எனக்குக் கண்ணில் படவே இல்லை.

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவை இரண்டு. ராமச்சந்திர குஹா 1989-ல் எழுதிய 'தி அன்கொயட் வுட்ஸ்' ஒன்று. அது மரங்களைக் கட்டியணைத்துக் காத்த, இமயமலைச் சரிவின் சிப்கோ போராட்டத்தைப் பற்றியது. மாதவ் காட்கிலுடன் சேர்ந்து அவர் 1992-ல் எழுதிய 'திஸ் ஃபிஷர்டு லேண்ட்' மற்றது. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை தேவைப்பட்ட வெள்ளை அரசு, 1878 வனச் சட்டத்தின் மூலம் மக்கள் புழங்கிய காடுகளை எப்படித் தன் சொத்தாக்கிக்கொண்டது என்ற வாதம் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அதே தடத்தில் நடந்தது.

அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு என்பது என் எண்ணம். வனத்துறை காகிதம் எழுதிய துறை. எத்தனை தேக்கு நின்றது, எத்தனை வெட்டப்பட்டது, யார் மாடு அத்துமீறி மேய்ந்தது, என்ன அபராதம் என்று எல்லாம் கோப்பில் இருக்கிறது. அணை கட்டிய பொதுப்பணித் துறையும் அப்படியே. அரசு தனக்குச் சொந்தமானதை எண்ணி வைத்தது, ஆய்வாளர்கள் எண்ணப்பட்டதைப் படித்தார்கள். ஒரு விவசாயி நகைகளை அடகு வைத்துத் தன் நிலத்துப் பாறையை உடைத்து இறங்கிய கிணறு, தீர்வைக் கணக்கில் ஒரு வரியாக நின்றதோடு சரி. கொங்கு நாடு அப்படிப்பட்ட கிணறுகளால் ஆன நாடு.

ஆகெழு கொங்கர்

ஊர் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். சென்னிமலைக்குத் தெற்கே, காங்கேயம் போகும் வழியில். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்று. பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் சுற்றுவதற்கும் எங்கள் சோளம் காய்வதற்கும் ஒரே கணவாய்தான் காரணம். ஐப்பசி மழையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டும்.

பதிற்றுப்பத்தில் பாலைக் கௌதமனார் இந்த நாட்டைக் கடந்து போகிற இடம் ஒன்று இருக்கிறது. இரும்புக் கணிச்சியால் இறுகிய நிலத்தை உடைக்கிறார்கள். சிதறலாகச் சிறிது நீர் ஊறுகிறது. கயிறு கட்டிய சிறிய முகவையைச் சுற்றி மாடுகள் மொய்க்கின்றன. "ஆகெழு கொங்கர்" என்று முடிக்கிறார். மாடுகள் நிறைந்த கொங்கர். சேரன் ஒருவனின் வெற்றியைப் பாட வந்த புலவர், போகிற போக்கில் ஒரு நாட்டின் நீரியலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடினப் பாறை, ஆழமான கிணறு, கொஞ்சம் நீர், நிறைய மாடு. இதைவிடச் சுருக்கமாக எங்கள் பக்கத்தை யாரும் எழுதவில்லை. அதே தொகுப்பில் வரும் கொடுமணம், நொய்யல் கரையில் இன்றுள்ள கொடுமணல். இரும்பு உருக்கிய உலைகளும் மணிக்கல் பட்டை தீட்டிய தடயங்களும் அங்கே அகழ்வாய்வில் வெளிவந்தன. உலை எரிந்தது விறகுக்கரியில் என்றால், அதற்காக விழுந்த மரங்களின் கணக்கையும் சேர்த்தே கொடுமணலின் பெருமையைப் பேச வேண்டும்.

அடுத்து, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பாடும் கொங்கு நாட்டார் கதைப்பாடலான அண்ணன்மார் கதை. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அதிலிருந்து 1972-ல் 'பெசன்ட் சொசைட்டி இன் கொங்கு' வந்தது. அப்போது பதிவு செய்த அண்ணன்மார் கதையை வைத்து 1982-ல் 'தி த்ரீ ட்வின்ஸ்' வந்தது. இரண்டும் சாதி, சடங்கு, கதைசொல்லல் என்ற அடுக்குகளில் இருப்பவை. ஆனால் கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அதன் நடுவில் நிற்பது ஒரு காட்டுப்பன்றி. வேட்டுவர் பக்கத்துக் கொம்பன் என்ற அந்தப் பன்றி இறங்கி வந்து விளைந்ததை அழிக்கிறது. சங்கர் அதைக் குத்திக் கொல்கிறார். அதற்குப் பிறகு எல்லோரும் மடிகிற படுகளத்தை நோக்கிப் போகிறார்கள். ஏர் ஒரு பக்கம், வேட்டை மறுபக்கம், எல்லையில் ஒரு பன்றி. காடு காடாகிக்கொண்டிருந்த (இரண்டாவது காடு எங்கள் பொருளில்) காலத்தின் நினைவாகவே நான் இதைக் கேட்கிறேன். உடுக்கை அடித்துப் பாடுகிறவர் உழுதவர்களின் பக்கம் நிற்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேட்டுவர் பக்கமிருந்து பாடினால் பன்றிக்கு வேறு நியாயம் இருந்திருக்கும். இன்றைக்கும் மலையடிவார ஊர்களில் விவசாயிகள் கூட்டம் நடந்தால் காட்டுப்பன்றி பற்றிப் பேசாமல் கலைவதில்லை.

வெள்ளையர் எழுதியவற்றில் இரண்டைச் சொல்லலாம். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் இந்த வழியாக ஊர் ஊராகப் பயணம் செய்து மண், பயிர், குத்தகை வாரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு 1807-ல் மூன்று பாகமாக வெளியிட்டார். எஃப். ஏ. நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887-ல் வந்தது. வரி வாங்குகிறவனின் கண்ணால் எழுதப்பட்டவை இரண்டும். வரி வாங்குகிறவன் மண்ணைக் கவனமாகப் பார்ப்பான் என்பதால் நமக்கு லாபம்.

நிக்கல்சன் எழுதுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை, இந்த நாட்டைச் சூறையாடியிருந்தது. 1871 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881-ல் கோவை மாவட்டத்தில் மக்கள் குறைவு. மைக் டேவிஸ் 2001-ல் எழுதிய 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்' இந்தப் பஞ்சத்தைச் சீனா, பிரேசில் பஞ்சங்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறது. பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோ மழையை நிறுத்தியது. ஆனால் மழை நின்றதை மரணமாக மாற்றியது தானியச் சந்தையும் ஆட்சியும் என்பது அவர் வாதம். 1862-லேயே சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாகப் பேப்பூர் வரை ரயில் ஓடியது என்பதை நினைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். தானியம் வர வழி இருந்தது, போகவும் வழி இருந்தது. நிவாரண வேலை செய்த ஆணுக்கு வெள்ளை அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். டேவிஸின் நூலோடு சேர்த்து, புலவர் செ. இராசு தொகுத்த பஞ்சக் கும்மிகளையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அங்கே புள்ளிவிவரம், இங்கே பசித்தவர்கள் கை தட்டிப் பாடியது.

கிணற்றின் சுவரைப் படித்தல்

கிறிஸ்டோபர் பேக்கர் 1984-ல் எழுதிய தமிழகக் கிராமப் பொருளாதார வரலாறு, தமிழ்நாட்டை மூன்றாகப் பிரிக்கிறது: சமவெளி, ஆற்றுப் பள்ளத்தாக்கு, கொங்கு நாடு. இந்தப் பிரிவினையைப் பார்த்தபோது ஒரு சின்னப் பெருமிதம் வந்ததை மறைக்கவில்லை. தஞ்சாவூர்க்காரருக்கு ஆறு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் இறைப்பது. ஆண்டவன் கொடுத்தான் என்பதைவிட அப்பன் வெட்டினான் என்பதுதான் இங்கே பேச்சு. அந்தப் பேச்சில் ஒரு பொய்யும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றின் சுவரை மேலிருந்து கீழே படிக்கலாம். வாய்ப்பகுதி கருங்கல் கட்டு; மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் கல்தூண்கள் சாய்ந்து இன்னும் நிற்கின்றன, மாடுகள் முன்னும் பின்னும் நடந்த சரிவில் இப்போது வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது. கல்கட்டுக்குக் கீழே கடப்பாறையும் உளியும் கொத்திய தழும்புகள். அதற்கும் கீழே, வெடி வைக்கத் துளைத்த குழிகளின் பாதித் தடம் வரிசையாகத் தெரியும். சுவரில் மூன்று இடங்களில் மோட்டார் வைத்த மேடைகள். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் படி இறங்கியிருக்கிறது. அடியில் நாலு பக்கமும் பக்கவாட்டில் துளைத்த சைடு போர்களின் வாய். நடுவில் நேர்க்குத்தாக இறக்கிய ஒரு போர். அதுவும் வற்றிய பிறகு வெளியே ஆயிரம் அடிக்கு மேல் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரை இந்தக் கிணற்றில் விட்டுச் சேர்த்துத்தான் இப்போது பாய்ச்சுகிறோம். கிணறு தொட்டியாகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கருவியால் அந்தச் சுவரில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

இந்தச் சுவரைப் படிக்க எனக்கு உதவிய நூல் குனெல் செடர்லோஃப் 1997-ல் வெளியிட்ட 'பாண்ட்ஸ் லாஸ்ட்'. சுவீடன் நாட்டு வரலாற்றாய்வாளர். கோவைப் பகுதியில் நிலம் வைத்திருந்த கவுண்டர்களுக்கும் தோல்வேலையும் பண்ணைவேலையும் செய்த மாதாரிகளுக்கும் இடையில் 1900 முதல் 1970 வரை இருந்த உறவு எப்படி மாறியது என்பதே நூல். சாதி ஆய்வு அடுக்கில் இருக்கும். ஆனால் அதன் அச்சாணி கிணறு. கவலை இறைக்கத் தண்ணீர் அள்ளும் தோல் சால் வேண்டும். தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள், கிழிந்தால் ஓடி வந்து சரிசெய்தவர்கள், விடிவதற்கு முன் மாடு பூட்டி இறைத்தவர்களும் பெரும்பாலும் மாதாரிகள். சால் இல்லாவிட்டால் பயிர் இல்லை என்பதால் பண்ணைக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு கட்டு இருந்தது. அடிமைத்தனத்துக்கு வெகு அருகில் இருந்த கட்டு. ஆனாலும் அவர்கள் இல்லாமல் தோட்டம் நடக்காது என்ற ஒரு பிடி அவர்கள் கையில் இருந்தது.

1930களின் தொடக்கத்தில் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரியில் விழுந்த தண்ணீர் கோவையில் நூற்பு மில்லை ஓட்டியது, பிறகு மோட்டாரைச் செய்யும் பட்டறைகளை ஓட்டியது, பிறகு அந்த மோட்டாரே கிணற்றுக்கு வந்தது. தோல் சால் பரணுக்குப் போனது. மாதாரிகள் கையில் இருந்த பிடியும் அதோடு போனது. மலையில் பெய்யும் மழை, மின்சாரம், இரும்பு, மாட்டுத்தோல், சாதி எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கிற கதை இது. இதைச் சூழல் வரலாறு என்று அழைக்காமல் வேறு எதை அழைப்பது? நான் சற்றுமுன் சொன்ன "அப்பன் வெட்டினான்" என்ற பேச்சின் பொய்யும் இங்கேதான் பிடிபடுகிறது. அப்பன் பணம் போட்டிருப்பான். பாறைக்குள் இறங்கி வெட்டியவர்களில் பலர் போயர்கள், தண்ணீரை மேலே கொண்டுவந்தவர்கள் மாதாரிகள். எங்கள் கிணற்றுச் சுவரில் உள்ள கையெழுத்துகளில் எங்கள் குடும்பத்துடையது எத்தனை என்று எனக்கே கேள்வி உண்டு.

மோட்டார் வந்தபின் தண்ணீரின் விலை மின்சாரத்தின் விலையாகிவிட்டது. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். 1972-ல் கோவை நகரையே மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டன. பின்னாளில் பாசன மின்சாரம் இலவசமானது. உயிர் கொடுத்து வாங்கிய உரிமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இலவச மின்சாரம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு என்ன செய்தது என்று கேட்டால் எங்கள் ஊரில் பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும் என்பதும் உண்மை. கிணற்றுக்குக் கிணறு போட்டிதான். பக்கத்துக்காரர் நானூறு அடி இறக்கினால் நாம் ஐந்நூறு. பரம்பரை நீர்மேலாண்மையைக் கொண்டாடும் நூல்கள் ஏரியையும் வாய்க்காலையும் காட்டிச் சமூகக் கூட்டுறவு என்று வியக்கும்; தனிக்கிணற்றின் வரலாற்றில் அந்த வியப்புக்கு இடம் குறைவு. அதனாலேயே அதைப் படிக்க வேண்டும்.

விதைகள் வந்த வழி

ஆல்பிரட் கிராஸ்பி 1972-ல் எழுதிய 'தி கொலம்பியன் எக்ஸ்சேஞ்ச்' அமெரிக்கக் கண்டத்துக்கும் மற்ற கண்டங்களுக்கும் இடையில் பயிரும் நோயும் இடம் மாறிய கதை. அதைப் படித்துவிட்டு எங்கள் தோட்டத்தைச் சுற்றி வந்தால் சிரிப்பு வரும். மிளகாய், கடலைக்காய், மக்காச்சோளம், புகையிலை, சேலம் நாமக்கல் பக்கம் மரவள்ளி. அத்தனையும் அங்கிருந்து வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைத் தோட்டங்களைப் பிடித்து ஆலைகளுக்கு நூல் கொடுத்த கம்போடியா பருத்தி, பெயரில் கம்போடியா, இனத்தில் அமெரிக்கா. பாட்டன் காலத்துப் பயிர் என்று நாம் கும்பிடுகிற சோளமும் கம்பும்கூட ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கொள்ளைத்தான் ஓரளவு தைரியமாக நம்மூர்ப் பிள்ளை என்று சொல்லலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வேலியை விட்டு இறங்கி ஏக்கர் ஏக்கராக நிலத்தை விழுங்கியது. அதைத் தின்னும் மாவுப்பூச்சி ஒன்றை 1920களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக்காடு காலியானது. இப்போது அந்த இடத்தில் நிற்பது வேலிக்காத்தான். அதுவும் அமெரிக்காவிலிருந்துதான்.

இந்தக் கதையில் கோவை வாங்கிக்கொண்ட ஊர் மட்டும் அல்ல. 1912-ல் இங்கே தொடங்கிய கரும்பு இன விருத்தி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்பை நாணலோடு கலந்தார்கள். ஆற்றங்கரையில் யாரும் சீண்டாமல் நிற்கும் புல்லின் வலிமையும் கரும்பின் இனிப்பும் சேர்ந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. வட இந்தியக் கரும்புக் காடுகளின் முகம் அதோடு மாறியது. பின்னர் 1930களில் அங்கே பணியாற்றியவர் தலச்சேரியில் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள். அவரை இந்தக் கட்டுரையில் சேர்க்க இன்னொரு காரணமும் உண்டு. 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பூமியின் முகத்தை மனிதன் மாற்றிய விதம் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. மார்ஷின் நினைவைப் போற்றிய அந்தக் கருத்தரங்கின் கட்டுரைகள் மறு ஆண்டு ஒரு தடித்த தொகுதியாக வந்தன. இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் அதுவும் ஒன்று. அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். இந்தியாவின் பிழைப்புக்கான வேளாண்மையைப் பற்றிப் பேசினார். கோவையின் கரும்புப் பாத்தியில் குனிந்து நின்றவர், துறை பிறந்த அறையிலும் உட்கார்ந்திருந்தார். தன் கடைசிக் காலத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கம் சைலன்ட் வேலியில் அணை கட்டக் கூடாது என்று நின்றவர்களில் அவரும் ஒருவர். 1984-ன் தொடக்கத்தில் இறந்தார். அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது அதே ஆண்டின் இறுதியில்.

மலைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் விரைவாகப் போகிறேன். ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. மரங்களை உச்சியிலிருந்து சரித்து உருட்டியதால் அந்த இடத்துக்கு டாப்ஸ்லிப் என்று பெயர். தேக்கை மீண்டும் வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. நீலகிரியில் நிலம் யாருடையது என்ற வழக்கை மேலே சொன்ன செடர்லோஃபே 2008-ல் 'லேண்ட்ஸ்கேப்ஸ் அண்ட் தி லா' என்று எழுதினார். வால்பாறைத் தேயிலையின் அடியில் கிடக்கும் எலும்புகளைப் பற்றிப் பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதைப் படித்த பின் தேயிலைச் சரிவை வெறும் பச்சைக் கம்பளமாகப் பார்க்க முடியாது.

நொய்யலின் உப்பு

கொடுமணலுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கி, பாசனம் செய்த நிலம் உப்பு பூத்து, அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கழிவைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. இதெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. இவற்றுக்கு முன் நடந்ததைச் சொல்லும் நூல் ஷரத் சாரி 2004-ல் எழுதிய 'ஃப்ரெட்டர்னல் கேபிடல்'. கவுண்டர் விவசாயிகள் பனியன் கம்பெனிக்குக் கூலியாகப் போய் எப்படி முதலாளிகளானார்கள் என்பது அதன் பொருள். "உழைப்பால் வந்தோம்" என்ற அவர்களின் சொல்லை எடுத்துக்கொண்டு அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று குடைகிறார். கிணறு வற்றிய காட்டிலிருந்து கம்பெனிக்குப் போனவர்கள், கம்பெனியின் சாயத்துக்கு லாரி லாரியாகக் கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரை வாங்கினார்கள். அந்தத் தண்ணீர் உப்பாகி நொய்யல் வழியாக மறுபடியும் கிராமத்துக்கே வந்தது. சாரியின் புத்தகத்தையும் செடர்லோஃபின் புத்தகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்த வட்டம் முழுதாகத் தெரியும்.

பவானியின் கதை நாவலாக வந்திருக்கிறது. சிறுமுகையில் மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்த ஆலையையும் அது ஆற்றுக்குச் செய்ததையும் இரா. முருகவேள் 'முகிலினி'யில் எழுதினார். ஆலையை வில்லனாக்கிவிட்டுப் போகாமல், அதில் வேலை கிடைத்தபோது ஒரு தலைமுறைக்கு வந்த நிமிர்வையும் சேர்த்துச் சொல்வதால் எனக்குப் பிடித்த நூல் அது.

எங்கள் காடு எழுத்தில் முழுதாக வந்தது நாவல்களில்தான் என்பது என் தீர்மானம். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. நிலத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்பதே அதன் உயிர். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' குடியிருப்புக் காலனிக்கு நிலத்தைப் பறிகொடுத்த குடும்பத்தைச் சொல்கிறது. 'கூளமாதாரி'யில் பண்ணையத்தில் விடப்பட்ட மாதாரிச் சிறுவன் ஆடு மேய்க்கிறான். வெயில், வேலி, பனை, கிணறு எல்லாம் அவன் கால் மட்டத்திலிருந்து தெரிகின்றன; எந்த வனத்துறைக் கோப்பிலும் அந்தக் காட்சி இல்லை. கொறங்காடு என்ற மேய்ச்சல் முறையும் அப்படித்தான். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம், ஒரு காட்டை ஆறப்போட்டு அடுத்த காட்டில் மேய்ப்பது. காங்கேயம் மாடு அந்தப் புல்லில் உருவானது. மாட்டைப் பற்றிப் பெருமை பேசும் எழுத்து இங்கே மலிவு. புல்லைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

தமிழில் இந்தத் துறைக்குச் சொற்களைச் செய்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன். தாராபுரத்தில் பிறந்தவர். வனவிலங்கு என்பதை விட்டுவிட்டுக் காட்டுயிர் என்று சொல்லுங்கள் என்று விடாமல் எழுதிவருகிறார். பறவையும் பூச்சியும் விலங்கு என்ற சொல்லுக்குள் வராமல் நிற்பதைக் கவனித்தவர். 'இன்னும் பிறக்காத தலைமுறைக்கு', 'தாமரை பூத்த தடாகம்' ஆகிய கட்டுரைத் தொகுப்புகளிலிருந்து தொடங்கலாம். அவரை நேரில் பார்த்தால் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு: காட்டுயிர் என்னும்போது எந்தக் காடு? கொறங்காட்டுக் கௌதாரிக்கும் அதில் இடம் உண்டல்லவா?

கடைசியாகக் கீழ்பவானி. பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. அதிலிருந்து புறப்படும் மண் வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வந்து 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அண்மை ஆண்டுகளில் அதற்குக் கான்கிரீட் பூச அரசு முனைந்தபோது ஊர்கள் இரண்டாகப் பிரிந்தன. கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, கசிவை நிறுத்துங்கள் என்கிறார்கள். வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் உள்ளவர்களோ அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது, கை வைக்காதீர்கள் என்கிறார்கள். பொறியாளரின் கணக்கில் கசிவு என்பது இழப்பு. அந்த இழப்பை நம்பி எழுபது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான தோட்டங்கள் நடந்துவந்தன. இரு பக்கமும் பொய் சொல்லவில்லை. யாருடைய கிணறு எந்த மடையின் கசிவில் எத்தனை அடி ஏறுகிறது என்ற பதிவு இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி நடந்திருக்கும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் போகிறது. அந்தக் குளங்களைச் சுற்றியுள்ள கிணறுகளின் கணக்கையாவது யாராவது எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் தோட்டம் ஆயக்கட்டுக்கு வெளியே, கசிவுக்கு உள்ளே. வாய்க்காலில் தண்ணீர் விட்டு எத்தனையாவது நாள் கிணற்றில் ஊற்று எடுக்கிறது, எத்தனை படி மூழ்குகிறது என்று அப்புச்சி தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஆணியில் குத்தி வைத்திருந்தார். அவர் போன பிறகு அமுச்சி அதில் பாதியை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டார். மிச்சம் ஒரு கட்டு என்னிடம் இருக்கிறது. சில தாள்களில் தேதி கிழிந்துபோய் படிக்கணக்கு மட்டும் நிற்கிறது.